பப்படம் உடைத்த கை

பிரீனாவின் அப்பா ஞானதாசனின் வலது கையைச் சும்மா பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஐந்து விரலும் மடங்கும், நீளும். கதவைத் திறக்கும், பேனா பிடிக்கும். மணிக்கட்டின் உள்பக்கம் தையல் போட்ட தழும்பு ஒன்று கோணலாக ஓடும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றுக்கும் எதைத் தொட்டாலும் தெரியாது. வெந்நீரும் ஒன்றுதான், பச்சைத்தண்ணீரும் ஒன்றுதான்.

ஞானதாசன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். திற்பரப்பைச் சுற்றியுள்ள தோட்டங்களில், அவர் வெட்டினால் மரத்துக்கு நோகாது என்று சொல்வார்கள். பட்டையைத்தான் சீவ வேண்டும், உள்ளே இருக்கிற தடியில் கத்தி படக்கூடாது. இரண்டுக்கும் நடுவே நூலளவுதான் இடம். கத்தி எங்கே நிற்க வேண்டும் என்று கண் சொல்லாது, விரல்தான் சொல்லும்.

போன ஜூன் மாத மழையில் தோட்டத்துச் சரிவில் கால் வழுக்கி, கையில் இருந்த கத்தியின் மேலேயே விழுந்தார். மணிக்கட்டில் நரம்பு அறுந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். "உணர்ச்சி திரும்ப ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பாவின் காதில் கடைசி இரண்டு சொல் மட்டும்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக உடைந்தது. முதலில் கண்ணாடித் தம்ளர். அப்புறம் பீங்கான் கோப்பை இரண்டு. ஒருநாள் சூடான சாயாவைக் கையில் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தார். அம்மா ஓடிவந்து தட்டிவிட்டபோது விரல் நுனி கொப்பளித்திருந்தது. சுட்டது என்பதே அம்மா சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அக்டோபரில் பிரீனாவுக்கு ஒரு தங்கச்சி பிறந்தாள். பெயர் வைக்கும்வரை வீட்டில் அவளுக்குக் கொச்சு என்றே பெயர். அப்பா அவளை ஆசையாகத் தூக்கினார். கொச்சு வீறிட்டு அழுதாள். பசி என்று நினைத்து அம்மா பால் கொடுத்தாள். அழுகை நிற்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்தால், தோளில் மூன்று விரல் பதிந்து சிவந்திருந்தது.

"நான் பையத்தானே பிடிச்சேன்" என்றார் அப்பா.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றோடு அவர் கொச்சுவைத் தொடுவதை விட்டுவிட்டார். தொட்டில் பக்கம் போனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போவார்.

பள்ளிக்கூடத்திலும் பிரீனாவுக்கு ஒரு கை வாய்த்திருந்தது. அதுவும் உடைக்கிற கைதான்.

அவள் ஏழாம் வகுப்பு. அவளும் சஜினும் அறிவியல் கண்காட்சிக்காக ஒரு ரோபோ கை செய்துகொண்டிருந்தார்கள். அட்டை, நூல், இரண்டு சின்ன மோட்டார். ஒரு தட்டில் இருக்கும் பொரித்த பப்படத்தை எடுத்து, உடையாமல் இன்னொரு தட்டில் வைக்க வேண்டும். பப்படம் என்று முடிவு செய்தது சஜின். உடைந்ததைத் தின்னலாம் என்பது அவன் கணக்கு.

ஒரு வாரம் இரண்டு பேரும் நன்றாகத் தின்றார்கள். ரோபோ கை பப்படத்தைப் பிடிக்கும், நொறுக்கும், நொறுக்கியது தெரியாமல் வெறும் கையைக் கொண்டுபோய் அடுத்த தட்டில் பெருமையாக வைக்கும்.

"அதுக்குப் பலம் உண்டு. தொட்டோமா இல்லியாங்கிற அறிவுதான் இல்ல" என்றார் அறிவியல் ஆசிரியர் கிளீட்டஸ் சார். "அதனாலதான் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல ரோபோவுக்கு மெத்துனு ஒரு தோல் செய்து மாட்டுதாங்க. எதையாவது தொட்டா அந்தத் தோல் அமுங்கும். அமுங்கினா உள்ளே சேதி போகும். தொடு உணரின்னு அதுக்குப் பேரு."

வாயில் பப்படத் துண்டோடு பிரீனா அப்படியே நின்றுவிட்டாள். சார் ரோபோவைப் பற்றித்தான் சொன்னார். அவளுக்கு வீட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் ஞாபகம் வந்தது.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சை மெல்லிசாகச் சீவி, நடுவில் ஓட்டை போட்டார்கள். மேலே ஒரு வெள்ளித்தாள், கீழே ஒரு வெள்ளித்தாள். சும்மா இருந்தால் இரண்டு தாளும் ஒட்டாது. அமுக்கினால் ஓட்டை வழியாக ஒன்றை ஒன்று தொடும், மின்சாரம் ஓடும், மோட்டார் நின்றுவிடும். விரல் நுனியில் அதை ஒட்டியதும் ரோபோ கை முதன்முதலாக ஒரு பப்படத்தை முழுசாக வைத்தது. அந்தப் பப்படத்தைத் தின்ன மனம் வராமல் சஜின் டிபன் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தான். பிறகு எறும்புக்குத்தான் கொடுத்துவைத்தது.

ஒரே தொல்லை, பப்படத்து எண்ணெய் பஞ்சில் ஏறியது. வெள்ளித்தாளும் கிழிந்தது. மேலே ஒரு உறை வேண்டும்.

"ரப்பர் உறை நான் செய்து தாறேன்" என்றாள் பிரீனா. "ரப்பர் பற்றி எங்க வீட்டுல தெரியாததா."

தெரிந்ததுதான் வினையாயிற்று. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ரப்பர் பால் என்றால் ஷீட்டுதான். தட்டில் பாலை ஊற்று, ஆசிட் விட்டு உறைய வை, மெஷினில் கொடுத்து அமுக்கு, புகைப்புரையில் தொங்கவிட்டு நாலு நாள் புகை போடு. பிரீனாவும் ஒரு படி விடாமல் அதையே செய்தாள். பொன் நிறத்தில், ஒரு பொட்டு அழுக்கில்லாமல், கடைக்காரர் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி ஷீட்டு. கண்காட்சி அன்று காலையில்தான் அது காய்ந்து வந்தது. வெட்டி ஒட்டினார்கள். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

அன்று அம்மா பிடிவாதம் பிடித்து அப்பாவையும் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்குள்ளேயே கிடந்தால் ஆள் என்ன ஆவது என்று அவளுக்குப் பயம். அவர் கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

ரோபோ கை பப்படத்தைப் பிடித்தது. பிரீனா மூச்சைப் பிடித்தாள். நொறுங்கியது.

இரண்டாவது பப்படம். நொறுங்கியது. மூன்றாவது தூளே ஆகிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று கை தட்டினார்கள். அவர்களுக்கு இதுதான் கண்காட்சியிலேயே நல்ல வேடிக்கை.

பிரீனாவின் கண் கூட்டத்தைத் தாண்டி அப்பாவிடம் போனது. அவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நொறுக்கிவிட்டு ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போகிற அந்த அட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையை ஒருமுறை பார்த்தார். அதைச் சட்டைக்குள் மறைக்கிறவர்போல மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பரிசு போனதற்காக அவள் அழவில்லை. சஜின் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, தன் பங்குப் பப்படத்தையும் அவளிடம் நீட்டினான்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு வந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கொச்சுவுக்கு ஞானஸ்நானம்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையைத் தகப்பன்தான் இரண்டு கையிலும் ஏந்தி, எல்லார் முன்னாலும் நடந்துபோய்ப் போதகர் கையில் கொடுக்க வேண்டும். துபாயில் இருக்கிற தகப்பனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போடுவார்கள். தகப்பன் இல்லாமல் போன பிள்ளைக்கு மட்டும்தான் மாமன் ஏந்துவார்.

"நம்ம ஸ்டெனி ஏந்தட்டும்" என்றார் அப்பா. ஸ்டெனி அம்மாவின் தம்பி.

அம்மா கையில் இருந்த வேலையை நிறுத்தினாள். "நீங்க உயிரோட இருக்கும்ப என் தம்பி என்னத்துக்கு ஏந்தணும்? சபையில என்ன நினைப்பாங்க?"

"பிள்ள கைநழுவித் தரையில விழுந்தா என்ன நினைப்பாங்க?"

"அப்பிடியெல்லாம் விழாது."

"விழுந்தது எனக்குத் தெரியணுமே. அதுதானே தெரியமாட்டேங்கு." அப்பா சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் சொன்னதுதான் பிரீனாவுக்குத் தாங்கவில்லை. "இனி இதப்பத்திப் பேசாண்டாம். எனக்கு ஒக்காது, என்னால முடியாது."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் யாரும் யாரிடமும் குழம்பு கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பிரீனா தோட்டத்துக்குப் போனாள். அப்பாவின் மரங்களில் இப்போது பால் வெட்டுகிறவள் முத்துக்கனி அக்கா. சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு எப்பிடி இருக்கு?"

"அப்பிடியேதான்."

முத்துக்கனி அக்கா அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள். பிரீனா ஒரு மரத்தடியில் குந்தினாள். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சிரட்டையில் மிச்சமிருந்த பாலில் சுட்டுவிரலை முக்கி எடுத்தாள். சின்னப் பிள்ளைகள் விளையாடுவதுதான். பால் விரலில் காய்ந்து மெல்லிய தொப்பிபோல ஆகிவிடும். பிறகு உரித்துப் போடலாம். அவள் விரலை நீட்டியபடி உட்கார்ந்து, தொலைந்துபோன எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விரல் நுனியில் குறுகுறுத்தது. பார்த்தாள். காய்ந்த தொப்பியின் மேலே ஒரு எறும்பு நடந்துகொண்டிருந்தது.

எறும்பு நடக்கிறது. நடப்பது தெரிகிறது. ரப்பரைத் தாண்டித் தெரிகிறது.

அவள் அப்படியே உட்கார்ந்து யோசித்தாள். கண்காட்சிக்குத் தான் ஒட்டியது செருப்புவார் கனத்துக்கு ஒரு ஷீட்டு. அதற்குப் பின்னால் இருக்கிற பஞ்சுக்குப் பப்படம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கையின் மேல் தப்பில்லை. நல்ல ஷீட்டு, கெட்ட தோல்.

சஜின் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏலே, தோல் எப்பிடிச் செய்யணும்னு தெரிஞ்சுபோச்சு. ஆசிடும் வேண்டாம், புகையும் வேண்டாம். சும்மா முக்கி எடுத்துக் காய வச்சா போதும்."

சஜின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "கண்காட்சிதான் முடிஞ்சுபோச்சே. இனி யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு."

சஜின் மெதுவாகக் கேட்டான். "அவருக்கு மோட்டார் கிடையாதே, ஏட்டி. சேதி எங்க போகும்?"

நல்ல கேள்வி. பிரீனா ஓட்டமாக ஓடிவந்ததில் அதை யோசிக்கவே இல்லை. யோசித்தபோது, அப்பாவுக்கு இன்னொரு கை இருப்பது நினைவுக்கு வந்தது. இடது கைக்கு எல்லாம் தெரியும்.

சஜினின் சித்தப்பா குலசேகரத்தில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். செத்துப்போன போன்களுக்குள்ளே பயறுமணி மாதிரி ஒரு மோட்டார் இருக்கும். போன் அதிர்வது அதனால்தான். அதில் இரண்டு கிடைத்தது. ஒன்று இடது மணிக்கட்டில். விரல் எதையாவது தொட்டால் அது அதிரும். இன்னொன்று இடது தோளுக்குக் கீழே. விரல் ரொம்ப அமுக்கினால் அது அதிரும். முதலாவது, 'தொட்டாச்சு'. இரண்டாவது, 'போதும்'. முதலாவதற்கு மெல்லிய பஞ்சு, இரண்டாவதற்குத் தடித்த பஞ்சு. விரலுக்கும் மோட்டாருக்கும் நடுவே கம்பியும் ஒரு சின்ன பேட்டரியும்.

விரல் அளவு வேண்டுமே. கேட்டால் அப்பா வேண்டாம் என்றுதான் சொல்வார். பிரீனா கொஞ்சம் நூலை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்பா முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை பக்கத்தில் கிடந்தது. அவள் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்று அவர் கட்டைவிரலில் நூலைச் சுற்றினாள். அவர் ரோட்டைப் பார்த்தார். சுட்டுவிரலில் சுற்றினாள். நடுவிரலில் சுற்றினாள். முடிச்சுப்போட்டு, கழற்றி எடுத்தாள். அப்பா ஒரு லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும்போது இதை ஒரு நல்ல குறும்பு என்று நினைத்துத்தான் வந்தாள். சிரிப்பை அடக்க வேண்டியிருக்கும் என்று பயந்தாள். கிணற்றுப் பக்கம் போனதும் முகத்தைக் கழுவினாள், இன்னொரு தடவை கழுவினாள்.

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைச் சீவி, நூல் அளவுக்கு மூன்று விரல் செய்தாள். அவற்றைப் பாலில் முக்கி, காய வைத்து, நுனியில் பஞ்சையும் வெள்ளித்தாளையும் வைத்து, மறுபடியும் முக்கினாள். முதல் மூன்று தொப்பியும் கழற்றும்போதே கிழிந்தன. அடுத்த மூன்றில் கம்பி அறுந்தது. அதற்கடுத்த மூன்று தொடாமலே அதிர்ந்துகொண்டிருந்தன. மூன்று தடவை வீணான கிழங்கையும் அம்மா அவித்துத் தேங்காய்ச் சம்பந்தி அரைத்து வைத்தாள். விரல் விரலாக அவிந்து கிடந்த கிழங்கைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று அப்பா கேட்கவில்லை. கேட்பதையே அவர் குறைத்துவிட்டிருந்தார்.

புதன்கிழமையும் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் சஜின் தன் விரலில் ஒரு தொப்பியை மாட்டி மேசையைத் தொட்டான். மணிக்கட்டில் 'கிர்' என்றது. அமுக்கினான். தோளுக்குக் கீழே 'கிர்' என்றது. விரலை எடுத்தான். நின்றது. அவன் மேசையைத் தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து, ஐந்து நிமிஷம் அதையே செய்தான்.

வெள்ளிக்கிழமை பிரீனா அதை அப்பாவிடம் கொண்டுபோனாள்.

"வேண்டாம் மக்கா" என்றார் அப்பா. "கண்காட்சியில நானும்தானே பாத்தேன்."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சொன்னாள். "அது கையிலுள்ள குற்றமில்ல, அப்பா. நான் தோலுக்குப் பதிலா ஷீட்டு வச்சுட்டேன். புகைகூடப் போட்டேன்."

அப்பா அவளைப் பார்த்தார். "புகை போட்டியா?"

"நாலு நாள்."

பல மாதத்துக்குப் பிறகு அவர் உதட்டோரம் அசைந்த மாதிரி இருந்தது. உடனே அணைந்துவிட்டது. கையை நீட்டினார். நம்பிக்கையால் நீட்டவில்லை, பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று நீட்டினார். பிரீனாவுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் மாட்டிவிட்டாள்.

பப்படம் கொண்டுவந்தாள். முதலாவது நொறுங்கியது. இரண்டாவதும் மூன்றாவதும் நொறுங்கின. மணிக்கட்டு அதிர்ந்ததும் அவர் பதறி, இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"போதும், பிரீனா."

"அதிர்ந்தா பயப்படாதீங்க. தொட்டாச்சுன்னு சொல்லுது. அதுக்குமேல ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா அப்பிடியே நில்லுங்க."

நாலாவது உடைந்தது. ஐந்தாவதன் ஓரம் மட்டும் உடைந்தது. ஆறாவது பப்படத்தை அவர் எடுத்தார், தூக்கினார், பக்கத்துத் தட்டில் வைத்தார். அது முழுசாக இருந்தது.

அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். பிரீனா தன் கையை நீட்டினாள்.

"இதப் பிடிங்க. கண்ண மூடிட்டுப் பிடிங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைத் தேடிப் பிடித்தார். 'கிர்' என்றது. அப்படியே நின்றார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே."

"இல்லப்பா."

"அப்போ ஞாயிற்றுக்கிழம நீங்களே ஏந்துங்க" என்றாள் அம்மா, வாசலில் இருந்தபடியே.

அப்பா உடனே கையை விட்டுவிட்டார். தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் வைத்தார். "பப்படம் பொட்டினா வேற பப்படம் எடுக்கலாம்" என்றார். எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

பிரீனா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஏழு நாள், பன்னிரண்டு தொப்பி, ஒரு கூடை மரச்சீனிக் கிழங்கு. பப்படம் எடுக்க ஒரு கருவி செய்திருக்கிறாள். அதற்கு வீட்டில் எல்லாருக்கும் கை இருக்கிறது. அப்பா சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. தனக்காக அவர் பயப்படவில்லை. கொச்சுவுக்காகப் பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு எந்தக் கடையில் மோட்டார் கிடைக்கும்?

சனிக்கிழமை மத்தியானம் அம்மா துணி அலசக் கால்வாய்க்குப் போயிருந்தாள். கொச்சு விழித்துக்கொண்டு அழுதாள். அப்பா தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "அழாண்டாம், அழாண்டாம்" என்று சொன்னார். வெறும் வார்த்தையால் சமாதானமாகிற வயதா அது. கொச்சு இன்னும் சத்தம் கூட்டினாள்.

பிரீனா குழந்தையைத் தூக்கிக் கட்டிலில் அமர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்க ஆசைப்படுகிற முகம் அது. இவ்வளவு நாளும் அதை யாரும் சரியாகப் பார்த்ததில்லை, ஏனென்றால் எல்லாரும் அவர் கையைத்தான் பார்த்தார்கள்.

"அப்பா, இஞ்ச வந்து இருங்க. கட்டில்லதான், தரையில இல்ல. தொப்பியப் போடுங்க. நீங்க மேல பிடிங்க. நான் அடியில கை வச்சிருக்கேன். நீங்க விட்டாலும் கொச்சு என் கையிலதான் விழுவா."

அப்பா நின்றார்.

"நான் கைய எடுக்கவே மாட்டேன்" என்றாள் பிரீனா.

அவர் வந்து உட்கார்ந்தார். தொப்பிகளை அவளே மாட்டிவிட்டாள். இடது கையைக் கொச்சுவின் தலைக்குக் கீழே கொடுத்தார். வலது கை காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முதுகுக்குக் கீழே மெல்லப் போனது.

'கிர்.'

"தொட்டாச்சு" என்றாள் பிரீனா.

"தெரியுது" என்றார் அப்பா.

தூக்கினார். தோள்பக்கத்து மோட்டார் ஒருதரம் 'கிர்' என்றது. உடனே பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். அது நின்றது. கொச்சுவின் அழுகை அதற்காக ஒன்றும் நிற்கவில்லை. அவளுக்குப் பசி. அப்பா நெற்றி வியர்க்க, அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிரீனா தன் இரண்டு கையையும் அடியில் விரித்தபடி இருந்தாள். கை கடுத்தது. எடுக்கவில்லை.

அம்மா ஈரத்துணியோடு வந்து பார்த்தபோது நாலு கை ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது. துணியைக் கொடியில் போட நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்கிறவரை அப்பா கொச்சுவை எட்டுத் தடவை தூக்கினார். பிரீனா எண்ணினாள். ஏழு தடவை அவள் கை அடியில் இருந்தது. எட்டாவது தடவை அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. சஜின்கூடத் தலை வாரி, சட்டையின் எல்லாப் பொத்தானும் போட்டு வந்திருந்தான். அப்பா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கம்பிகள் அதற்குள்ளே ஓடின. விரல் நுனியில் மட்டும் மூன்று தொப்பி மஞ்சளாகத் தெரிந்தது. ஸ்டெனி மாமா முன்வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தார், ஒருவேளை தேவைப்பட்டால் என்று. அப்பாதான் அப்படி இருக்கச் சொல்லியிருந்தார்.

பேர் சொல்லி அழைத்ததும் அப்பா எழுந்தார். அம்மா கொச்சுவை அவர் கையில் வைத்தாள்.

நடந்தார். ரொம்ப மெதுவாக நடந்தார். சபை ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் இருந்தது. அந்த அமைதியில் 'கிர்' என்றது.

நாலைந்து பேர் திரும்பி முறைத்தார்கள். யாரோ போனை அணைக்கவில்லை என்று நினைத்தார்கள். ஒரு பெரியவர் பதறிப்போய்த் தன் சட்டைப்பையைத் தடவினார். 'கிர், கிர்' என்று சத்தம் நடுவழியில் போய்க்கொண்டே இருந்தது. பிரீனா நகத்தைக் கடித்தாள். மணிக்கட்டுச் சத்தம். மணிக்கட்டுச் சத்தம். மறுபடியும் மணிக்கட்டுச் சத்தம்தான், தோள் சத்தம் இல்லை.

அந்த மூன்று விரலுக்கும் இன்னும் ஒன்றும் தெரியாது. வருகிற வருஷம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அப்பா பீடத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"பிள்ளையின் பெயர் என்ன?" என்று போதகர் கேட்டார்.

"ஜெஸ்மி" என்றார் அப்பா. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

போதகர் குழந்தையை வாங்கக் கை நீட்டினார். அப்பா குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். போதகர் இரண்டாம் முறையும் கை நீட்ட வேண்டியிருந்தது.